சுவரில்லாப் பள்ளிகள்

பள்ளிக்கூடம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை யாவை? வழிபாட்டு மணி, கரும்பலகை, சாக்குக்கட்டி, பக்கத்து இருக்கைத் தோழி. இவற்றுள் ஒன்றுகூட இல்லாத பள்ளிகளும் உலகில் உண்டு. இக்காலத்தில் அவற்றை 'மெய்நிகர்ப் பள்ளி' என்கிறார்கள். மெய்க்கு நிகரான பள்ளி என்பது அதன் பொருள். அது மெய்யாகவே நிகர்தானா என்பதைப் பற்றி நான் படித்தறிந்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இவ்வகைப் பள்ளி கணினியோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது பள்ளிகளைத் திறக்க முடியவில்லை. அப்போது மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வானொலி நிலையங்கள் வழியே பாடம் நடத்தினார்கள். ஒவ்வொரு பாடமும் 15 நிமிடம். எந்நேரத்தில் எந்த வகுப்புக்கு என்ன பாடம் என்பது செய்தித்தாளில் அச்சாகி வந்தது. சில வாரங்களில் பள்ளிகள் திறந்தன. அந்த ஏற்பாடும் முடிந்தது.

ஆனால் முடியாமல் இன்றுவரை தொடரும் பள்ளி ஒன்று உண்டு. அது ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இருக்கிறது. அதன் பெயரே 'ஆகாயப் பள்ளி'! அது பாடம் நடத்தும் நிலப்பரப்பு ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்கு என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு பெரிய பரப்பில் மாணவர்களோ நூறு பேர் அளவில்தான். மாட்டுப் பண்ணைகளிலும் தொலைவிலுள்ள குடியிருப்புகளிலும் வாழும் பிள்ளைகள் அவர்கள். பக்கத்து வீடு என்பதே பல மைல்களுக்கு அப்பால் இருக்கும்.

அப்பிள்ளைகள் முன்பு அஞ்சலில் வரும் பாடத்தாள்களை மட்டுமே வைத்துப் படித்தனர். எழுதி அனுப்பிய விடைத்தாள் திருத்தப்பட்டுத் திரும்பி வருவதற்குள் அந்தப் பாடமே மறந்துபோயிருக்கும். 1940-களில் அடிலெய்ட் மெய்த்கே என்னும் அம்மையார் அப்பகுதிக்குச் சென்றார். அவர் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். பறக்கும் மருத்துவர் அமைப்பின் தென் ஆஸ்திரேலியக் கிளையிலும் பொறுப்பு வகித்தவர். அங்கிருந்த குழந்தைகள் அளவுக்கு மீறிக் கூச்சப்படுவதை அவர் கவனித்தார். அதோடு இன்னொன்றையும் கவனித்தார். மருத்துவரை அழைப்பதற்காக வீடுதோறும் வைத்திருந்த கம்பியில்லாக் கருவியில் அதே குழந்தைகள் பேசப் பழகியிருந்தனர். (ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் அமைத்த அக்கருவியின் பழைய வடிவத்தில், சைக்கிள் மிதிப்பது போலக் காலால் மிதித்தால்தான் மின்சாரம் கிடைக்கும்!) இக்கருவியிலேயே பாடம் நடத்தினால் என்ன என்று அம்மையார் கேட்டார். 1951-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆகாயப் பள்ளி முறையாகத் திறக்கப்பட்டது. முதலில் ஆசிரியை பேச, குழந்தைகள் கேட்டனர். பிறகு குழந்தைகளும் கேள்வி கேட்கும் நேரம் சேர்க்கப்பட்டது. ஒரு பண்ணைப் பிள்ளை சொல்லும் விடையை மற்றப் பண்ணைப் பிள்ளைகள் எல்லாரும் கேட்க முடிந்தது. அதுதான் அதன் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பாடம் தபாலிலும் வரும். இன்னொரு பிள்ளை தப்பாகச் சொல்லித் திருத்திக்கொள்வதைத் தபாலில் கேட்க முடியுமா?

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வானொலியில் நடந்த வகுப்புகள் இப்போது செயற்கைக்கோள் வழியே நடக்கின்றன. மழலையர் முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அங்கே படிக்கலாம். ஏழு, எட்டு, ஒன்பது ஆகியவை அப்பகுதியில் நடுநிலை வகுப்புகள்.

சரி, ஆசிரியையின் கண்முன் இல்லாத பிள்ளை முன்னேறுகிறதா என்று எப்படி அறிவது? இதுதான் இவ்வகைப் பள்ளிகளின் தீராத சிக்கல். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1997-இல் தொடங்கிய மெய்நிகர்ப் பள்ளியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாடப்பகுதி முடிந்ததும் ஆசிரியை மாணவியோடு நேரில் பேசுவது போலத் தொலைபேசியில் பேசுவார். விடை என்ன என்று மட்டும் கேட்க மாட்டார்; அந்த விடை எப்படி வந்தது என்று கேட்பார். அக்காவைக் கொண்டு வீட்டுப்பாடம் எழுதியவள் அப்போது அகப்பட்டுக்கொள்வாள்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. 2015-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று, அமெரிக்காவில் இணைய வழியில் மட்டுமே நடக்கும் 'சார்ட்டர்' பள்ளிகளின் மாணவர்களை, அவர்களை ஒத்த சாதாரணப் பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டது. வாசிப்பில் ஓர் ஆண்டில் 72 நாள் படிப்புக்குச் சமமான அளவும், கணக்கில் 180 நாள் படிப்புக்குச் சமமான அளவும் அவர்கள் பின்தங்கியிருந்தனர். அந்நாட்டில் ஒரு கல்வியாண்டே சுமார் 180 நாட்கள்தாம்! அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு ஒரு காரணம் காட்டுகிறது. சாதாரணப் பள்ளிப் பிள்ளை ஒரே நாளில் ஆசிரியரிடம் நேரடியாகப் பாடம் கேட்கும் நேரத்தைவிட, இப்பள்ளிகளில் ஒரு வாரம் முழுவதும் கிடைத்த நேரம் குறைவு.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நம் வகுப்புத் தோழியர் எவருக்குமே ஏற்படாது. நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 2021-இல். ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை தமிழ்நாட்டில் பள்ளி திறந்தது அவ்வாண்டு நவம்பர் முதல் நாள். அதுவரை நம் நடுநிலைப்பள்ளி கைபேசிக்குள்தான் இருந்தது. எங்கள் வீட்டில் கைபேசி ஒன்று; படிப்பவர்கள் இருவர். அண்ணனுக்குப் பொதுத்தேர்வு வகுப்பு என்பதால் முதல் உரிமை அவனுக்கே. எனக்குக் கிடைத்த நேரத்தில் ஆசிரியை "புரிந்ததா?" என்று கேட்பார். "புரிந்தது மிஸ்" என்று நாற்பது குரல்கள் வரும். பின்னம் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது டிசம்பரில் கரும்பலகைக்கு அழைத்தபோதுதான் வெளிப்பட்டது. ஆசிரியையையும் குறை சொல்ல முடியாது. நாற்பது பேரின் நோட்டையும் திரையில் எட்டிப் பார்க்க அவரால் ஆகுமா?

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பள்ளி எப்படிச் சமாளிக்கிறது என்றால், அங்கே ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் பெரியவர் ஒருவர் அமர்கிறார். பெரும்பாலும் தாய், சில வீடுகளில் இதற்கென அமர்த்திய பெண். அவரை 'வீட்டு ஆசிரியர்' என்றே அழைக்கின்றனர். திரையில் வகுப்பு சிறிது நேரமே நடக்கும். மீதி நேரம் முழுவதும் அவரோடுதான் படிப்பு. 2021 அக்டோபரில் நம் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருவுக்குத் தெரு அனுப்பியதும் இத்தகைய ஓர் ஆளைப் பிள்ளைகளுக்கு அருகில் உட்கார வைக்கத்தானே!

அப்பள்ளியில் மற்றொரு நல்ல வழக்கமும் உண்டு. ஆண்டில் சில வாரங்கள் எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குள் வந்து கூடுகின்றனர். விளையாட்டு, நீச்சல், கலை நிகழ்ச்சி என்று அந்நாட்கள் கழியும். திரையிலே முகத்தை மட்டும் பார்த்தவளின் உயரத்தை அப்போதுதான் தோழியர் தெரிந்துகொள்வர். ஆசிரியர்களும் சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது வண்டியிலோ சிறு விமானத்திலோ ஒவ்வொரு மாணவரின் வீட்டுக்கும் போகிறார்கள். பிள்ளை எந்த மேசையில் அமர்ந்து படிக்கிறது, நோட்டுப் புத்தகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். வீட்டு ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிறகு அடுத்த பண்ணைக்குப் புறப்படுகிறார்கள்.