கொடுத்தவர் கையிலேயே இருந்த கொடை

1953 டிசம்பரில், அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ ஆராய்ச்சிக்காக ஓர் அறநிறுவனம் தொடங்கி, அதற்குத் தம் பெயரையே சூட்டினார். ரேடாரும் ஏவுகணையும் செய்து விமானப்படைக்கு விற்றுவந்த ‘ஹியூஸ் ஏர்கிராஃப்ட்’ கம்பெனியின் பங்குகள் முழுவதையும் அதற்கு எழுதிவைத்தார். கேட்பவர் யாரும் மெச்சும் கொடைதான். ஆனால், அந்த அறநிறுவனத்துக்கு அறங்காவலர் ஒரே ஒருவர்: ஹியூஸ்.

கம்பெனி நெருக்கடியில் இருந்த நேரம் அது. முக்கிய விஞ்ஞானிகளான சைமன் ராமோவும் டீன் வூல்ட்ரிஜும் அதே ஆண்டு விலகியிருந்தார்கள். நிர்வாகத்தைச் சீர்செய்யாவிட்டால் ஆர்டர் கிடையாது என்று விமானப்படை எச்சரித்திருந்தது. பங்குகளை அறநிறுவனத்துக்கு மாற்றியதால் வரிச் சலுகைக்கு வழி பிறந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

வாடகை போன வழி

கம்பெனி இருந்த நிலமும் கட்டடங்களும் ஹியூஸின் சொந்த நிறுவனமான ‘ஹியூஸ் டூல்’ வசமே இருந்தன. அறநிறுவனம் அவற்றைக் குத்தகைக்கு எடுத்து, கம்பெனிக்கு உள்குத்தகைக்கு விட்டது. இப்படி, நோய்களை ஆராயப் பிறந்த நிறுவனத்தின் பணம் குத்தகையாக நிறுவனரின் கல்லாவுக்குத் திரும்பியது.

1955-ல் வரிவிலக்கு தர மறுத்த வருமான வரித்துறை, 1957-ல் கொடுத்தது. இத்தகைய அறக்கட்டளைகளை 1960-களில் துருவி ஆராய்ந்தவர் டெக்சாஸ் எம்.பி. ரைட் பேட்மன். நிறுவனரும் அவருடைய அறக்கட்டளையும் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்வதை 1969-ஆம் ஆண்டு வரிச் சட்டம் தடுத்தது. ‘நாங்கள் அறக்கட்டளை அல்ல, மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு’ என்று சொல்லி, ஹியூஸின் அறநிறுவனம் அந்தப் பிடியில் சிக்காமல் நின்றது.

1976-ல் ஹியூஸ் இறந்தார். செல்லுபடியாகும் உயில் இல்லை. அறநிறுவனத்தை இனி யார் நடத்துவது என்ற வழக்கு நீண்டு, 1984-ல் டெலவேர் மாநில நீதிமன்றம் புதிய அறங்காவலர்களை நியமித்தது. மறு ஆண்டே அவர்கள் கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸுக்கு 500 கோடி டாலருக்கு மேல் விற்றார்கள். இன்று உலகின் முன்னணி உயிரியல் ஆராய்ச்சி அமைப்புகளில் ஒன்று அந்த அறநிறுவனம். நோபல் பரிசு பெற்ற பலர் அதன் ஆதரவில் ஆராய்ச்சி செய்தவர்கள்.

அதே நிறுவனம், அதே சொத்து. மாறியது ஒன்றுதான்: முடிவெடுக்கும் கை. தேன் எடுப்பவன் புறங்கையை நக்குவான் என்று தெரிந்துதான் உலகம் கணக்குக் கேட்கிறது. நீங்கள் நன்கொடை தரும் அமைப்பு யாருக்கு வாடகை கட்டுகிறது, யாருடைய கம்பெனியில் பொருள் வாங்குகிறது, அதற்குக் கையெழுத்திடுவது யார்? பணம் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.