திங்கட்கிழமைச் சமையல்

நல்ல சாப்பாட்டுக்காகவே நீங்களும் உங்கள் துணையும் ஓர் ஊருக்குப் போகிறீர்கள். எந்தக் கிழமையில் போவீர்கள், நேயர்களே? அந்த ஊர் அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் என்றால், திங்கட்கிழமையைத் தவறவிடவே கூடாது! அன்றைக்கு அங்கே பல வீடுகளிலும் உணவகங்களிலும் சிவப்பு பீன்ஸும் சோறும்தான். நம் கடைகளில் ராஜ்மா என்று விற்கிறார்களே, அதே பயறு.

ஏன் திங்கட்கிழமை? அந்தக் காலத்தில் அது துணி துவைக்கும் நாள். அடுப்படியில் நிற்க நேரமே இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பைப் பயறோடு பானையில் போட்டு, வெங்காயம், குடைமிளகாய், செலரி சேர்த்து, சிறு தீயில் விட்டுவிடுவார்கள். துணி காய்வதற்குள் பயறு குழைந்து கெட்டிக் குழம்பாகிவிடும். சுடுசோற்றின் மேல் ஊற்றினால் போதும், அப்படி ஒரு ருசி!

இப்போது வாஷிங் மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமை வழக்கம் போகவில்லை. இதே ஊரில் பிறந்த ஜாஸ் இசை மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கும் இந்த உணவு என்றால் உயிராக இருந்தது. கடிதம் எழுதினால், 'அன்புடன்' என்று போடும் இடத்தில் இந்த உணவின் பெயரைச் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்!