நூற்றில் ஒன்று சிக்கினால் அதிர்ஷ்டம்!

‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்ற போர்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்! ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம். எனக்கிருந்த ஒரே சிபாரிசு, அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன் அக்காவுக்கும் ஆலங்குளம்தான் சொந்த ஊர் என்பது. நான் பார்க்க வந்தது பேசோஃபில் என்ற வெள்ளணுவை. வெள்ளணுக்களிலேயே எண்ணிக்கையில் ஆகக் குறைச்சலானவர் இவர். நூறு வெள்ளணுவை எண்ணினால் ஒருவர் தேறுவார், தேறாமலும் போவார்.

ஊதா மூடிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடிச் சில்லில் விழுகிறது. இன்னொரு சில்லைச் சாய்த்து வைத்து ஒரே தள்ளு, படலம் தயார். காய்ந்ததும் லீஷ்மன் சாயம், அதன் மேலேயே பஃபர் தண்ணீர், சில நிமிஷம் காத்திருப்பு. அதுவரை படபடவென்று ஓடிய அக்காவின் கை, கழுவும்போது மட்டும் நிதானமாகிறது. பேசோஃபிலின் துகள்கள் தண்ணீரில் கரையக்கூடியவை. முரட்டுத்தனமாகக் கழுவினால் சரக்கெல்லாம் போய் வெறும் குழிதான் மிஞ்சும்.

எண்ணெய்ச் சொட்டு, நூறு மடங்கு லென்ஸ், விரலடியில் கவுண்டர். “நியூட்ரோ, நியூட்ரோ, லிம்ஃபோ...” அக்கா முணுமுணுக்க, நான் பொறுமையில்லாமல் நெளிகிறேன். “அவசரப்படாதீங்க தம்பி. ஒண்ணுகூடச் சிக்காத சில்லு எத்தனையோ இருக்கு.” சட்டென்று கவுண்டர் நின்றது. “இந்தா, வந்துட்டான்!”

எட்டிப் பார்த்தேன். அடடா! கருநீலத் துகள்கள் உடம்பெல்லாம் அப்பியிருக்க, உட்கருவே தெரியவில்லை. 1879-இல் ஜெர்மனியில் பால் எர்லிக் சாயங்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது சிக்கியவரும் இவர்தான். எர்லிக்குக்கு அப்போது வயது இருபத்தைந்து!

“மெஷின் இருக்கே, எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கணும்?” என்றேன். “இவனை எண்ணுறதுல மட்டும் மெஷின் அடிக்கடி கோட்டை விட்டுரும்” என்றார் அக்கா. இவர்கள் கூட்டமாகத் தென்பட்டால் டாக்டருக்கு உடனே போன் பறக்குமாம். நாள்பட்ட மைலாய்டு லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் பேசோஃபில் பெருகும். அது நூற்றுக்கு இருபதைத் தொட்டால் நோய் முற்றுகிறது என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கணக்கு வைத்திருந்தார்கள்.

அந்தத் துகள்களுக்குள் இருப்பது ஹிஸ்டமின். பேசோஃபிலின் மேல்தோலெங்கும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம் செருகி நிற்கிறது. ஒவ்வாத பொருள் ஒன்று வந்து பக்கத்துப் பக்கத்து ஐ.ஜி.இ.க்களைச் சேர்த்துப் பிடித்ததோ இல்லையோ, சிவகாசிச் சரவெடிதான்! சில நிமிஷங்களில் ஹிஸ்டமின் வெளியே. அரிப்பு, தடிப்பு, மூக்கொழுகல் எல்லாம் அதன் கைங்கரியம். இதே வேலையைச் செய்யும் மாஸ்ட் செல் திசுக்களில் குடியிருக்கும். பேசோஃபிலோ ரத்தத்தில் சுற்றித் திரிந்து, கூப்பிட்ட இடத்துக்கு ஓடும்.

சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர்க்காரன் கேட்காமல் இருப்பேனா? சிமெண்டில் புழங்கும் கைகளுக்கு வரும் அலர்ஜிச் சொறிக்கும் இவர்தான் காரணமா? இல்லை. சிமெண்டிலுள்ள குரோமியத்துக்கு எதிராக டி செல்கள் என்ற வேறு வெள்ளணுக்கள் ஓரிரு நாள் கழித்து ஆடும் ஆட்டம் அது. இவர் நிரபராதி.

ஆடு வளர்ப்பவர்கள் காது கொடுக்க வேண்டிய சேதி வேறு. உண்ணி ஒருமுறை கடித்த எலியை மறுபடி கடித்தால், அந்த இடத்தில் பேசோஃபில்கள் திரண்டு நிற்கின்றன. உண்ணியால் வயிறு முட்ட ரத்தம் குடிக்க முடிவதில்லை. பேசோஃபிலை நீக்கிவிட்ட எலியில் அதற்கு மறுபடியும் விருந்து! ஜப்பானில் கராசுயாமாவின் குழு 2010-இல் காட்டியது இது. அலர்ஜி என்று நாம் திட்டும் இந்த ஏற்பாடு எதற்காக உடம்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் எனக்குத் தெரியவில்லை.

இனி சென்னைக்கு வாருங்கள், கதையின் சூடான பகுதி அங்கேதான். இரவெல்லாம் இருமல், இளைப்பு, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற இன்னொரு வெள்ளணு தாறுமாறாக ஏற்றம், ஆனால் ரத்தத்தில் புழுவைக் காணோம்: இதுதான் ‘டிராபிகல் ஈசினோஃபிலியா’. ஃபைலேரியா என்ற யானைக்கால் புழுதான் குற்றவாளி என்ற சந்தேகம் பழையது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் எரிக் ஆட்டிசன், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் திரிபாதி, சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர் கே.வி. திருவேங்கடம் ஆகியோர் சேர்ந்த குழு, பேசோஃபிலையே சாட்சிக் கூண்டில் ஏற்றியது. நோயாளியின் ரத்த அணுக்களோடு ஃபைலேரியா புழுவின் புரதத்தைக் கலந்தார்கள், ஹிஸ்டமின் கொட்டியது! 1979-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் புழுக்குஞ்சுகள் நீந்தினாலும் தும்மல்கூட இல்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. அவர்களிடமும் புழுவுக்கெதிரான ஐ.ஜி.இ. இருக்கிறது. பின் ஏன் வெடிக்கவில்லை? அவர்களுடைய சீரத்தைச் சேர்த்தபோது பேசோஃபில்கள் அடங்கின என்று ஆட்டிசனும் குமாரசாமி முதலான சகாக்களும் 1981-இல் எழுதினார்கள். இன்னொரு எதிர்ப்புப் புரதம் முந்திக்கொண்டு புழுவின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால், அது பேசோஃபிலை எட்டுவதே இல்லை! இந்த வேலையில் முக்கியமான ஆள் ஐ.ஜி.ஜி.4 என்பது பின்னர் தெரிந்தது.

தூசிப் பூச்சிக்கும் மகரந்தத்துக்கும் மாதக்கணக்கில் போட்டுக்கொள்கிறார்களே அலர்ஜி ஊசி, அதுவும் உடம்பில் இதே ஐ.ஜி.ஜி.4-ஐத்தான் ஏற்றிவிடுகிறது. டாக்டர் பில் போட்டுச் செய்வதைப் புழு எத்தனையோ தலைமுறையாகத் தன் பிழைப்புக்காக இலவசமாகவே செய்துவந்திருக்கிறது, கில்லாடி!