பின்புறம் வளையும் கால்விரல்கள்

தானேக் கடற்கழியின் கீழ்க்கரையில், நவி மும்பையின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது கோபர்கைரனே. இத்தகைய நகரங்களில் குழந்தைகள் பள்ளி நேரம் முழுதும் பூட்ஸ் அணிந்திருப்பதால், அவர்களுடைய பாதங்களை ஆசிரியர் காண நேர்வது அரிது. தேகப்பயிற்சி வகுப்பில் வெறுங்காலுடன் நிற்கும் ஒரு சிறுவன், தன் கால்விரல்களைப் பின்புறமாக வியக்கத்தக்க அளவு வளைத்துக் காட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் கைதட்டுவர். அதே சிறுவன் இரண்டு சுற்று ஓடியதும் பாதம் வலிக்கிறதென்று உட்கார்ந்தால், சோம்பேறி என்று ஏசுவர். இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றாகவே இருக்கக் கூடும்.

எலும்புகளை மூட்டில் பிணைக்கும் நார்களுக்கு வலுவளிப்பது கொலாஜன் என்னும் புரதம். அதன் அமைப்பில் பரம்பரையாகக் குறை நேர்ந்தால் நார்கள் தளர்ந்து, மூட்டு தன் எல்லையைக் கடந்து வளையும். மூட்டு எந்த நிலையில் உள்ளதென்பதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு நுனிகள் இந்நார்களிலும் உள்ளன. எனவே தளர்ந்த மூட்டில் அவ்வுணர்வு மங்கக்கூடும். உள்ளங்காலில் சிறு பரல் உறுத்தினாலும் துடிக்கும் குழந்தை, கணுக்கால் புரள்வதை உணரத் தவறுவது இதனாலேயே.

டென்மார்க்கின் ஏலர்ஸ் 1901-லும், பிரான்ஸின் டான்லோஸ் 1908-லும் விவரித்த நோய்த் தொகுதி இவ்வினத்தைச் சேர்ந்தது. 2017-ஆம் ஆண்டுப் பாகுபாட்டில் இதற்கு 13 வகைகள் கூறப்பட்டன. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் வகைக்கு இரத்தப் பரிசோதனை ஏதும் இல்லை. மருத்துவர் கையாலும் கண்ணாலுமே அதை நிர்ணயிக்க வேண்டும்.

மூட்டுத் தளர்ச்சியை அளக்கப் பெய்டனும் அவருடைய சகாக்களும் 1973-இல் வகுத்த 9 மதிப்பெண் முறை வழங்கி வருகிறது. சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால், முதுகு ஆகியவற்றை மட்டுமே அது சோதிக்கிறது. விந்தை யாதெனில், உடலின் பாரம் முழுவதையும் தாங்கும் பாதத்திற்கு அதில் இடமே இல்லை.

ஆயினும் தளர்ச்சி கண்டவுடன் நோயென்று அஞ்சுதல் தவறு. மும்பையில் நலமுள்ள குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2008-இல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் 4 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் பெற்றனர். மணிப்பாலிலிருந்து ராவ், ஜோசப் இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வும் நம் ஆசிரியர்களுக்குப் பெரிதும் பயன்படும். 2,300 குழந்தைகளின் காற்சுவடுகளை அவர்கள் ஆராய்ந்தனர். காலணி அணிந்தவருள் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதவருள் 2.8 பேருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. நார் தளர்ந்த குழந்தைகளிடம் அது மேலும் மிகுதி.

அவ்வாறாயின் ஆசிரியர் கவனிக்க வேண்டியவை எவை? தளர்ச்சியுடன் வலியும் நீடித்தல், மூட்டு அடிக்கடி நழுவுதல், தோல் மிருதுவாய் இழுபடுதல், சிறு காயமும் மெல்லிய காகிதம் போன்ற அகன்ற தழும்பாக ஆறுதல். நிற்கும்போது குதிகாலோரம் வெண்ணிறப் புடைப்புகள் தோன்றிக் காலைத் தூக்கியதும் மறைவதும் உண்டு. நலமுள்ள பலரிடமும் காணப்படுவதாயினும், அவை வலித்தால் மருத்துவரிடம் சொல்லத்தக்கவை. பாதம் மரத்துப்போதல் முற்றிலும் வேறு. தொழுநோய் முதலியவற்றை நினைத்து உடனே பரிசோதிக்க வேண்டிய குறி அது.

அத்தகைய சிறுவனை விரல் வளைத்துக் காட்டும்படி தூண்டலாகாது. ஓட்டத்திலிருந்து அவனை அறவே விலக்குவதும் நன்றன்று. தசை வலுவே தளர்ந்த மூட்டிற்கு ஊன்றுகோல். குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குதல், ஒற்றைக்காலில் நிற்றல் போன்றவற்றை மருத்துவர் அல்லது இயன்முறைச் சிகிச்சையாளர் கூறும் அளவில் பழக்கி, வலி மிகும் நாளில் அவனை உட்கார அனுமதிக்க வேண்டும்.