பக்தாதின் சதுரங்கச் சபை

அப்பாசியக் கலீஃபா மஃமூன் (ஆட்சி: 813-833) முன்னிலையில் சதுரங்கம் ஆட அமர்ந்தவர்கள், மரியாதை கருதி வாய் திறவாமல் காய்களை நகர்த்தினர். கலீஃபாவுக்கு அது சுவைக்கவில்லை. சதுரங்கமும் பயபக்தியும் ஒத்துவாரா என்றும், தாம் இல்லாதபோது எவ்வாறு பேசிக்கொள்வார்களோ அவ்வாறே பேசுமாறும் பணித்தாராம். அவர் ஆட்டத்தில் பெரும் வல்லவர் அல்லர். பேரரசை ஆளும் தமக்கு இரு முழச் சதுரத்தில் நிற்கும் 32 காய்களை ஆள இயலவில்லையே என்று அவர் வருந்தியதாகவும் கூறுவர்.

இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியே அரபு நாட்டை அடைந்த இவ்விளையாட்டுக்கு அங்கு ‘ஷத்ரஞ்ச்’ என்று பெயர். ஆட்டக்காரர்கள் ஐந்து தரத்தினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். வலியவர் மெலியவருடன் ஆடும்போது தம் காயொன்றை முன்னரே நீக்கிவிட்டு ஆடுவார். சுற்றியிருப்போரின் நகைச்சுவைப் பேச்சும் இச்சபைகளில் மிகுதி. மார்க்க அறிஞர்களிடையே இவ்விளையாட்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு நிலவியது. ஹனஃபீ, மாலிகீ அறிஞர்கள் இதனை வெறுத்தனர். ஷாஃபிஈ மத்ஹபிலோ பணயம் வையாமல், தொழுகையைத் தவறவிடாமல், தீய சொல் பேசாமல் ஆடுவது ஹராம் எனக் கொள்ளப்படவில்லை.

கலீஃபா முக்தஃபீயின் (ஆட்சி: 902-908) சபையில் நடந்த ஓர் ஆட்டத்தை வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ விவரிக்கிறார். மாவர்தீ என்பவர் கலீஃபாவின் நெடுநாளைய அபிமான ஆட்டக்காரர். அவரை எதிர்த்து ஆட வந்தவர் அபூபக்ர் அஸ்ஸூலீ என்னும் அறிஞர். ஆட்டம் தொடங்கியதும் கலீஃபா வெளிப்படையாகவே மாவர்தீயை ஊக்குவித்தார். புதியவராகிய ஸூலீ முதலில் தடுமாறினார். பின்னர் நிதானம் பெற்று, எவரும் குறை கூற முடியாதபடி வென்றார்.

அதன்பின் நடந்ததுதான் வேதனைக்குரியது. ‘மாவர்த்’ என்றால் பன்னீர். உன் பன்னீர் சிறுநீராகிவிட்டதே என்று கலீஃபா மாவர்தீயை எள்ளினார். சபையில் சிலர் சிரித்திருக்கவும் கூடும். நெடுநாள் அருகிருத்திப் போற்றியவரை ஒரே தோல்விக்காக இவ்வாறு இகழ்ந்தது முறையாகத் தோன்றவில்லை. விருந்தளிப்பவரே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் ஆட்டம் எங்ஙனம் ஆட்டமாக இருக்கும்? மஃமூன் தம் ஆட்டக்காரர்களின் அச்சத்தைப் போக்க முயன்றார். முக்தஃபீயோ வந்தவரைத் தடுமாற வைத்தார், இருந்தவரைத் தலைகுனிய வைத்தார்.

வென்ற ஸூலீயின் வாழ்வும் ஒரே சீராக இருக்கவில்லை. அவர் கலீஃபா ராளீயின் (ஆட்சி: 934-940) ஆசிரியராகவும் தோழராகவும் விளங்கினார். அழகிய பூந்தோட்டம் ஒன்றில் உலவியபோது, ஸூலீயின் ஆட்டம் இதனினும் அழகியது என்று ராளீ வியந்தாராம். அவர் மறைந்தபின் ஸூலீ ஆதரவிழந்தார். பஸராவில் 946-ஆம் ஆண்டு காலமானார்.

நான்கே காய்களைக் கொண்ட ஒரு புதிரை ஸூலீ விட்டுச் சென்றிருந்தார். தாம் கற்றுக்கொடுத்தவரன்றி வேறெவராலும் அதனை விடுவிக்க இயலாது என்பது அவர் வாதம். ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின், 1980-களில், ரஷ்ய ஆட்ட வல்லுநர் யூரி அவெர்பாக் அதற்கு விடை கண்டார்.