வானிலிருந்து கதிர்வீச்சை அளப்பது எதற்காக?

கதிர்வீச்சு என்றதும் பலருக்கும் கல்பாக்கம்தான் ஞாபகம் வரும். பிள்ளைப்பாக்கத்திலிருந்து அது நேர்கோட்டில் சுமார் 50 கி.மீ. தூரம். அணுமின் நிலையத்தின் அவசரகாலத் திட்டப் பகுதி 16 கி.மீ. ஆரத்தோடு முடிந்துவிடுகிறது. "அப்போ நமக்கென்ன?" என்று கேட்கலாம்.

தொழிற்பேட்டை அருகே வசிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒன்று. வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும், தகட்டின் தடிமனை அளக்கவும் தொழிற்சாலைகளில் கதிரியக்கப் பொருள்கள் பயன்படுகின்றன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி, கெட்டியான உறைக்குள் இருக்கும்வரை பயமில்லை. அவை தொலைந்துபோனாலோ, பழைய இரும்போடு கலந்துவிட்டாலோதான் ஆபத்து.

டெல்லியில் நடந்தது

2010-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வுக் கருவி ஒன்று ஏலத்தில் போய், மாயாபுரி காயலான் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது தெரியாமல் அதைப் பிரித்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார்.

1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்த சீசியம்-137 இப்படித்தான் பரவி 4 பேர் உயிரிழந்தனர். அப்போது ஹெலிகாப்டரில் கருவியை வைத்து, 67 சதுர கி.மீ. நகர்ப்பகுதியை இரண்டே நாளில் அளந்தார்கள். அதுவரை யாருக்கும் தெரியாத ஓர் இடமும் அப்போதுதான் பிடிபட்டது.

எப்படி அளக்கிறார்கள்?

ஹெலிகாப்டர் சுமார் 100 மீட்டர் உயரத்தில், வயலில் ஏர் ஓட்டுவதுபோல வரிசை வரிசையாகப் பறக்கும். உள்ளே சோடியம் அயோடைடு படிகம் இருக்கும். தரையிலிருந்து வரும் காமா கதிர் அதில் பட்டால் சின்ன ஒளி தோன்றும். அந்த ஒளியை எண்ணி, ஜி.பி.எஸ். இடத்தோடு சேர்த்துப் பதிவுசெய்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். ஒவ்வொரு தனிமத்தின் கதிருக்கும் தனி ஆற்றல் உண்டு. அதனால் வருவது மண்ணின் தோரியமா, வெளியிலிருந்து வந்த சீசியமா என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

இந்தக் கருவி அளக்க மட்டுமே செய்யும். அதிலிருந்து எந்தக் கதிரும் வெளியே வராது.

முன்கூட்டியே ஏன்?

ஈபி ரீடிங்கை நினைத்துப் பாருங்கள். போன முறை எடுத்த அளவு இல்லாமல், இந்த முறை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? இதுவும் அப்படித்தான். மண், பாறை, காற்று, உணவு, விண்வெளி என எல்லாவற்றிலிருந்தும் நமக்குக் கதிர்வீச்சு வருகிறது. உலக சராசரி ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதால் இயல்பாகவே அளவு கூடுதல். எனவே சாதாரண நாளில் எடுத்த 'பின்னணி' அளவு கையில் இருந்தால்தான், அவசரத்தில் கூடியது எது, எப்போதும் இருந்தது எது என்று உடனே தெரியும். யாரை வெளியேற்றுவது, யார் வீட்டிலேயே இருக்கலாம் என்ற முடிவுக்கு இந்த வரைபடம் உதவும்.

இதற்கான வான்வழிக் கருவிகளை பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியுள்ளது. அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இத்தகைய அவசரநிலைக்குப் பயிற்சி பெற்றது.

நீங்கள் செய்ய வேண்டியது

• ஹெலிகாப்டர் தாழப் பறந்தாலே ஆபத்து என்று நினைக்காதீர்கள். வாட்ஸ்அப் வதந்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

• பழைய இரும்பில் மூன்று இதழ் விசிறி போன்ற சின்னமோ, சின்ன அளவில் அதிக எடையுள்ள உருளையோ கண்டால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள், பாக்கெட்டில் போடாதீர்கள். தள்ளிப் போய், மற்றவர்களையும் கிட்டே விடாமல் 112 அல்லது 1077-க்கு அழையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070.

• தெரியாமல் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லுங்கள்.

• கேமராவை வைத்துக் கதிர்வீச்சு அளப்பதாகச் சொல்லும் செயலிகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். பின்னணி அளவைத் துல்லியமாகக் காட்டும் திறன் போன் கேமராவுக்குக் கிடையாது.

காயலான் கடை வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அந்த மூன்று இதழ் சின்னத்தை இன்றே அவருக்குக் காட்டிவிடுங்கள்.