இரண்டு கை, ஐந்து பொம்மை, ஒரு யுத்தம்!

முதலில் ஒரு கணக்கு. மேடையில் நடிகை ஒருத்தர். கைப்பொம்மைகள் ஐந்து. அவருக்கு இருப்பதோ இரண்டே கை. அப்படியானால் மீதி மூன்று பொம்மைகள் எங்கே?

இந்தக் கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டால் கதையில் மனசு நிற்காது. நல்ல ரசிகர்கள் மேடையைப் பார்ப்பார்கள். என் கண்ணோ எப்போதும் திரைக்குக் கீழே தெரியும் கால்களின் மேல்தான். கெட்ட பழக்கம். ஆனால் இந்த நாடகத்துக்கு அதுதான் சரியான பழக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

நாடகத்தின் பெயர் 'சுதந்திரமாக வாழ்வது அழகு!' இத்தாலியின் வடகிழக்கு மூலையில், கப்பல் கட்டும் ஊரான மொன்ஃபால்கோனேயில் பிறந்த மார்த்தா குஸ்குனா 2009-ல் உருவாக்கியது. 'ஒரு நடிகை, ஐந்து கைப்பொம்மைகள், ஒரு பெரிய பொம்மை' என்று துணைத்தலைப்பிலேயே கூட்டத்தின் எண்ணிக்கையை ஒப்பித்துவிடுகிறார். கதை ஓந்தினா பெத்தேயானியுடையது. 1925-ல் த்ரியெஸ்தே நகரில் பிறந்து, மொன்ஃபால்கோனே கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர். இத்தாலியின் முதல் 'ஸ்தாஃபெத்தா' என்று அவரைச் சொல்கிறார்கள்.

ஸ்தாஃபெத்தா என்றால், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்து மறைந்திருந்து போராடிய பார்ட்டிசான் படைகளுக்குச் செய்தி சுமக்கும் பெண். செய்தி மட்டுமா? மருந்து, துண்டுப் பிரசுரம், துப்பாக்கி எல்லாம் போகும். காய்கறிப் பைக்கு அடியில், குழந்தை வண்டியின் மெத்தைக்குள், உடுப்பின் உள்மடிப்பில் போகும். வாகனம் பெரும்பாலும் சைக்கிள். ரோம் நகரில் ஜெர்மானியர்கள் சைக்கிளுக்குத் தடை போட்டபோது, மக்கள் அதில் மூன்றாவதாக ஒரு சின்னச் சக்கரத்தை மாட்டி, 'இது சைக்கிள் இல்லை, ட்ரைசைக்கிள்' என்று ஓட்டிக்கொண்டு போனார்கள். சட்டத்தை இப்படி வளைத்தவர்களை நினைத்தால் எனக்கு விசில் அடிக்கத் தோன்றுகிறது.

சரி, அந்த மூன்று பொம்மைகள். பொம்மலாட்டக்காரர்களிடம் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஆடாத பொம்மைகள் தடுப்புக்குக் கீழே கொக்கியில் தலைகீழாகத் தொங்கும். உடுப்பின் விளிம்பு வாயைப் பிளந்தபடி மேலே பார்த்துக் காத்திருக்கும். வேலை முடிந்த பொம்மையை மாட்டிவிட்டு, கையை உருவி, அடுத்த பொம்மைக்குள் நுழைக்க வேண்டும். ஆள்காட்டி விரல் தலைக்குள். கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு தோள்களுக்குள். குனிந்து பார்க்க நேரமில்லை. அதற்குள் மற்றக் கையிலுள்ள பொம்மை வேறொரு குரலில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறதா? எனக்கு எழுதும்போதே வாங்குகிறது.

இன்னொரு விதியும் உண்டு. பேசுகிற பொம்மை அசைய வேண்டும், கேட்கிற பொம்மை சிலையாக நிற்க வேண்டும். இரண்டும் ஆடினால் யார் பேசுவது என்றே பார்ப்பவருக்குப் புரியாது. சோதனைச் சாவடியில் பைக்குள் துப்பாக்கியோடு நின்ற பெண்ணுக்கும் இதே விதிதான். கேட்கிறவன் கேட்கட்டும், நீ அசையாதே.

நடிப்புதான் அவர்களுடைய ஆயுதம். ஒவ்வொருவருக்கும் ஒரு மேடைப் பெயர்கூட இருந்தது. அவர்கள் அதைப் 'போர்ப்பெயர்' என்றார்கள். ஓந்தினா 'நத்தாலியா' ஆனார். பின்னாளில், 1976-ல், இத்தாலியின் முதல் பெண் அமைச்சரான தீனா அன்செல்மி அப்போது 'கப்ரியேல்லா'. ரோமில் கார்லா கப்போனி 'எலேனா'. 1944 மார்ச் 23 அன்று ராசெல்லா தெருவில், குப்பைவண்டிக்குள் குண்டு வைத்துத் தள்ளிவந்த தோழர் தெருக்கூட்டுபவர் வேடத்தில் இருந்தார். அந்தச் சீருடையை நொடியில் மறைக்க ஒரு மழைக்கோட்டோடு காத்திருந்தவர் கப்போனி. உடை மாற்றும் வேகத்தில் எந்த நாடகக் கம்பெனியும் தோற்கும். ஆனால் இந்த இடத்தில் என் குதூகலம் சட்டென்று அடங்கிவிடுகிறது. அந்தக் குண்டுக்குப் பழிவாங்க மறுநாளே ஜெர்மானியர்கள் அர்தேயாத்தினே குகைகளில் 335 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கணக்கில் ஏறிய பெண் போராளிகள் மட்டும் 35,000 பேர். 1945 ஏப்ரலில் விடுதலை வந்தது. மே 6 அன்று தூரின் நகரில் வெற்றி ஊர்வலம். சில படைப்பிரிவுகள் தங்கள் பெண்களிடம் 'நீங்கள் வரவேண்டாம்' என்றன. ஆண்களோடு மலையில் திரிந்தவர்கள் என்று ஊர் தப்பாகப் பேசுமாம்! 'குட்டிப் பம்பரம்' என்று பொருள்படும் போர்ப்பெயர் கொண்ட தெர்சில்லா ஃபெனொலியோ, தன் தோழர்கள் நடந்து போவதை ஓரமாக நின்று பார்த்தார். அவரும் அவரைப் போன்ற பதினொரு பேரும் சொன்ன வாழ்க்கைக் கதைகள் புத்தகமாக வர 1976 ஆனது. மொத்த ஆட்டத்தையும் ஆடியவர்களைக் கடைசி வணக்கத்துக்கு மட்டும் திரைக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டார்கள். நான் திரைக்குக் கீழே எட்டிப் பார்ப்பது சரியான பழக்கம் என்றது இதனால்தான்.

அவர்களை மேடைக்கு இழுத்து வந்தவர்களில் ஃப்ராங்கா ராமே முக்கியமானவர். இங்கே ஒரு சுவையான செய்தி. ராமேயின் குடும்பமே பரம்பரை பரம்பரையாகப் பொம்மலாட்டக் குடும்பம். சினிமா வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனதும், பொம்மைகளை மடித்து வைத்துவிட்டுக் குடும்பமே மேடையேறியது. பிறந்த எட்டாம் நாளே அம்மா மடியில் கைக்குழந்தையாக ஃப்ராங்கா அரங்கேறிவிட்டார். கணவர் தாரியோ ஃபோவோடு 1968-ல் வழக்கமான அரங்குகளை உதறிவிட்டுத் தொழிலாளர் மன்றங்களுக்கும் ஆலைகளுக்கும் போனார். அடுத்த சில ஆண்டுகளில் 'மாமா தோஞ்ஞி' என்ற தனிநடிப்பில், பார்ட்டிசான்களுக்குத் தாயாக இருந்த ஒரு கிராமத்துப் பெண்ணாகப் பேசினார். துணைக்குப் பொம்மைகூட இல்லை, வெறும் குரல்தான்.

நாடகம் முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பார்வையாளர்களைப் பேசச் சொல்வார்கள். அதற்கு 'மூன்றாம் அங்கம்' என்று பெயர். போர் முடிந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே மலையில் துப்பாக்கி பிடித்தவராக இருக்கலாம். அப்படி ஒரு சபைக்கு முன்னால் வசனத்தைத் தப்பாகச் சொல்லிப் பாருங்களேன்!

குஸ்குனாவுக்கு அந்த வசதியும் இல்லை, அந்தப் பயமும் இல்லை. ஓந்தினா 2003-லேயே இறந்துவிட்டார். ஒரு துரோகியைத் தீர்த்துக்கட்டும் திட்டத்தைக் கைப்பொம்மைகளிடம் கொடுக்கிறார் குஸ்குனா. சந்தைப் பொம்மலாட்டத்தின் தடியடியும் துள்ளலும் சிரிப்புமாக ஒரு கொலைச் சதி நடக்கிறது. சிரித்த வாயை மூடுவதற்குள் ஆட்டம் மாறுகிறது. 1944-ல் ஓந்தினா பிடிபட்டு ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். கையில் 81672 என்று பச்சை குத்தினார்கள். அந்தப் பகுதிக்குத்தான் அந்தப் பெரிய பொம்மை. உடம்போடு நின்று நடிகை அழுது காட்டியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பொம்மைக்குத் தானாக ஓர் அசைவும் கிடையாது. அடுத்தவர் கை விட்டால் விழுந்துவிடும். முகாமில் ஒரு மனுஷியை என்னவாக ஆக்கினார்கள் என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1945 ஏப்ரலில் கைதிகளை நடத்திச் சென்ற வரிசையிலிருந்து ஓந்தினா தப்பினார். ஊர் வந்து சேர்ந்தார். அதன்பிறகு அவர் எடுத்துக்கொண்ட தொழில், பிரசவம் பார்ப்பது.